பழுப்பெல்லாம் பெண் அல்ல: ரென் குருவிகளைக் கற்றுக்கொள்ள கான்பரா தாவரவியல் பூங்கா

ரென் குருவிகளில் ஆண் எது, பெண் எது என்று பிரித்தறியக் கற்றுக்கொள்ள ஓர் இடம் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும், நான் யோசிக்காமல் சொல்வது கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியத் தாவரவியல் பூங்காவைத்தான். கூடவே ஒரு நிபந்தனையும் போடுவேன்: ஜூன், ஜூலை மாதக் குளிரில் போங்கள். வசந்தத்தில் போனால் குருவிகளின் அழகைப் பார்த்துவிட்டு வருவீர்கள். குளிர்காலத்தில் போனால்தான் பாடம் கிடைக்கும்.

நான் நீர்வண்ண ஓவியம் வரைபவள். வார இறுதியில் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுக்கிறேன். ஒரு பறவையின் கன்னத்தில் எந்த நிறம் எங்கே முடிகிறது என்பது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல, வேலை. எனவே இந்த மதிப்புரையில் பாங்க்சியா பூக்களைப் பற்றியும் மழைக்காட்டுப் பள்ளத்தைப் பற்றியும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பூங்காவை ரென் பார்க்கும் இடமாக மட்டும் எடைபோட்டு எழுதுகிறேன்.

முதலில் குருவியைச் சொல்லிவிடுகிறேன். கான்பராவில் நாம் பார்ப்பது சூப்பர்ப் ஃபேரிரென். வாலையும் சேர்த்து ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் நீளம், பத்து கிராம் அளவு எடை. வாலை நெட்டுக்குத்தாகத் தூக்கிக்கொண்டு, இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் புல்தரையில் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும். 2021-இல் ஆஸ்திரேலியாவின் அவ்வாண்டுப் பறவையைத் தேர்ந்தெடுக்க நடந்த பொது வாக்கெடுப்பில் வென்றது இதுதான். ஐரோப்பாவின் ரென்னுக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஐரோப்பிய ரென்னில் ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பு. இறகைப் பார்த்துப் பிரிக்க முடியாது. அங்கே நடத்தையைத்தான் பார்க்க வேண்டும்: ஆண் பல கூடுகளைக் கட்டி வைக்கும், பெண் வந்து ஒன்றைத் தேர்ந்து உள்ளே மெத்தை போடும். ஆஸ்திரேலிய ரென் அந்த விதத்தில் தாராளமானது. நிறத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இனப்பெருக்கக் காலத்து ஆணைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உச்சந்தலை, கன்னம், மேல்முதுகு மூன்றும் வெளிர்நீலம். கண்ணை ஊடுருவிப் பிடரி வரை ஓடும் கறுப்புப் பட்டை. தொண்டையும் மார்பும் கறுப்பை ஒட்டிய ஆழ்நீலம், வயிறு சாம்பல் கலந்த வெள்ளை, வால் அடர்நீலம், அலகு கறுப்பு. அக்டோபரில் பூங்காவுக்குள் நுழையும் யாரும், பறவை என்றால் காக்கையைத் தவிர வேறு அறியாதவர்கள்கூட, இதை ஆண் என்று சொல்லிவிடுவார்கள். பெண் மேலே பழுப்பு, கீழே வெளிறிய நிறம். இத்துடன் பாடம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம்.

சிக்கல் பிப்ரவரி, மார்ச்சில் தொடங்குகிறது. ஆண்கள் நீலத்தை உதிர்த்துவிட்டுப் பழுப்புக்கு மாறிவிடும். வயதில் மூத்த ஆண்கள் மட்டும் சீக்கிரமே, குளிர்காலம் முடியும் முன்பே, மறுபடி நீலம் போர்த்துக்கொள்ளும். இளைய ஆண்கள் செப்டம்பர், அக்டோபர் வரை பழுப்பாகவே திரியும். ஆகவே ஜூலையில் ஒரு புதரடியில் ஒரு நீலக் குருவியும் நான்கு பழுப்புக் குருவிகளும் இருந்தால், அந்த நான்கில் எத்தனை பெண் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். மற்றவை அந்தக் குடும்பத்து மகன்களாக இருக்க வாய்ப்பு அதிகம். மகள்கள் பிறந்த ஓராண்டுக்குள் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள். மகன்கள் தங்கி, அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டி உதவுவார்கள்.

நீலமாக இருந்தால் அது ஆண். பழுப்பாக இருந்தால் அது எதுவாகவும் இருக்கலாம். இந்த ஒரு வரியை மனத்தில் பதித்துக்கொண்டு உள்ளே போனால் போதும்.

இதைக் கற்க இந்தப் பூங்காவை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே குருவி உங்களுக்குக் கிட்டத்தில் வரும். பிளாக் மவுண்டன் மலையடிவாரத்தில், தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1970-இல் முறைப்படி திறக்கப்பட்டதிலிருந்து இங்கே ஆஸ்திரேலியத் தாவரங்களை மட்டுமே வளர்க்கிறார்கள். வெட்டிவிட்ட புல்தரையும் அடர்ந்த தாழ்புதரும் அடுத்தடுத்து இருப்பது ரென் குருவிக்குப் பிடித்த அமைப்பு. புல்லில் இரை, புதரில் ஒளிவிடம். பல தலைமுறைகளாக மனிதர்களின் காலடிச் சத்தத்தில் வளர்ந்த குருவிகள் என்பதால் அவை நம்மைக் கண்டு பறப்பதில்லை. தேநீர்க்கடையின் வெளி மேசைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவையே வரும்.

அப்படி வந்த ஒன்றைச் சொல்கிறேன். குளிர்காலக் காலை, புல்லில் உறைபனி இன்னும் கரையவில்லை. எதிர் நாற்காலியின் முதுகில் ஒரு பழுப்புக் குருவி வந்து உட்கார்ந்தது. பைனாகுலர் தேவைப்படாத தூரம். அலகு ஆரஞ்சு கலந்த பழுப்பு. அந்த அலகின் அடியிலிருந்து கண் வரை ஒரு செம்மை. கண்ணையும் சுற்றி வளைத்திருந்தது. இரண்டு நாள் பழசான மருதாணிச் சிவப்பு அது. வால் மங்கிய பழுப்பு. வெயில் பட்டபோது பச்சையோ என்று ஐயப்பட வைக்கும் ஒரு மெல்லிய பூச்சு. பெண்தான், சந்தேகமில்லை. சற்று நேரத்தில் பக்கத்திலேயே இன்னொன்று இறங்கியது. அதுவும் பழுப்பு, அதே அளவு, அதே துள்ளல். ஆனால் அலகு கறுப்பு. கண்ணைச் சுற்றிச் செம்மை துளியும் இல்லை, முகமே ஒரே பழுப்பாக வெறுமையாக இருந்தது. குனிந்து எதையோ கொத்தியபோது வால் வெயிலுக்கு வந்தது. அடர்நீலம். குளிர்கால உடையில் இருக்கும் ஆண்.

இரண்டையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே பார்வையில் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. படத்தில் எத்தனை முறை பார்த்தாலும் இது வராது. படம் அச்சிடும்போதோ திரையில் தெரியும்போதோ அந்த முகச்செம்மை அளவுக்கு மீறிப்போகும், அல்லது காணாமல் போய்விடும்.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், அலகைப் பாருங்கள் என்பேன். வால்தான் எளிய அடையாளம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரென்னின் நீலம் நிறமியால் வருவதல்ல. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் அந்த இறகுகள் திருப்பி அனுப்புகின்றன. வெளிச்சத்தை நம்பியிருக்கும் நிறம் என்பதால், நிழலுக்குள் போனதும் ஆணின் அடர்நீல வால் வெறும் கறுப்பாகத் தெரியும். நிழலில் பெண்ணின் வாலும் இருண்டுதான் இருக்கும். தீட்டிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: நிழலில் உட்கார்ந்த ரென்னின் வாலுக்கு நீலம் கரைத்து வைத்தால், அது தூரிகையிலேயே பொய்யாகிவிடும். அலகின் கறுப்பு அப்படி ஏமாற்றாது. நிழலிலும் கறுப்பு கறுப்புதான்.

அலகுக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த ஆண்டு பிறந்த இளம் ஆண்களுக்கு முதலில் தாயைப் போலவே பழுப்பு அலகு. மாதங்கள் போகப் போகத்தான் கறுக்கும். கோடையின் கடைசியில் பொரித்தவை என்றால் குளிர்காலத் தொடக்கத்தில்கூட அரைகுறைக் கறுப்போடு இருக்கும். அந்த நிலையில் வாலையும் முகத்தையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முடிவெடுக்க முடியாவிட்டால், "தெரியவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு விடை கிடைக்கும் வழியும் இந்தப் பூங்காவிலேயே இருக்கிறது. நான் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்க அதுதான் பெரிய காரணம்.

குருவிகளின் கால்களைப் பாருங்கள். பலவற்றில் வண்ண வளையங்கள் இருக்கும். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ காக்பர்னும் அவருடைய குழுவினரும் 1980-களின் பிற்பகுதியிலிருந்து இந்தப் பூங்காவின் ரென் குருவிகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு, குடும்பம் குடும்பமாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். வளையங்களின் நிறவரிசை ஒவ்வொரு குருவிக்கும் வேறு. ஜூலையில் ஒரு பழுப்புக் குருவியைப் பார்த்து, இடதுகால் வலதுகால் வளைய நிறங்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் "ஆண்" அல்லது "பெண்" என்று உங்கள் தீர்ப்பையும் எழுதிவிட்டு வாருங்கள். அக்டோபரில் அதே புதருக்குப் போனால் அதே வளையம் அதே இடத்தில் இருக்கும். அதன் மேல் நீலம் வந்திருந்தால் ஆண். வராமல் பழுப்பாகவே கூடு கட்டிக்கொண்டிருந்தால் பெண். ரென் தன் எல்லையை விட்டு எளிதில் நகராது என்பதால் இது சாத்தியமாகிறது. விடைத்தாளைத் திருத்திக்கொடுக்கும் பூங்கா வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

என் ஓவிய வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் செய்யச் சொன்னேன். ஒரு சிறுமி, "மிஸ், நான் பெண் என்று எழுதியது நீலமாகிவிட்டது, ஆனால் அதன் மூக்கு கறுப்பு என்று நானே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்!" என்று குறிப்பேட்டை நீட்டினாள். கண் சரியாகப் பார்த்திருக்கிறது, முடிவுதான் தவறு. பார்ப்பதற்கும் முடிவெடுப்பதற்கும் உள்ள இடைவெளியை அவளே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு அன்று ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இங்கே ஒரு மனக்குறையையும் பதிவுசெய்ய வேண்டும். அது இந்தப் பூங்காவைப் பற்றியது அல்ல. வேறோர் ஊரில், பணம் கட்டிச் சென்ற ஒரு தனியார் பறவைச் சுற்றுலாவில், வழிகாட்டி ஒரு நீலக் குருவியையும் அதைச் சுற்றி நின்ற பழுப்புக் குருவிகளையும் காட்டி, "இதோ ராஜா, இவையெல்லாம் அவருடைய ராணிகள்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், படம் பிடித்தார்கள். அந்த "ராணிகளில்" இரண்டுக்குக் கறுப்பு அலகு. நான் மெதுவாகச் சொன்னேன், அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டுகிறவர் அலகைக்கூடப் பார்க்காமல் கதை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கதை உண்மைக்கு நேர் எதிரானது என்பது இன்னும் வருத்தம். ரென் குடும்பத்தில் வழக்கமாக முட்டையிடும் பெண் ஒன்று. அதைச் சுற்றி ஆண்கள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம்.

அந்தப் பெண் யாருடைய ராணியும் அல்ல என்பதற்கு இந்தப் பூங்காவிலிருந்தே சான்று கிடைத்தது. இங்குள்ள குருவிகளை வைத்து 1994-இல் வெளியான ஆய்வில், குஞ்சுகளில் 76 விழுக்காட்டுக்குத் தந்தை அந்தக் குழுவுக்கு வெளியே உள்ள ஓர் ஆண் என்று தெரிந்தது. பின்னர் வந்த ஆய்வு, பெண் விடியுமுன்னே தன் எல்லையை விட்டுப் புறப்பட்டு, தான் தேர்ந்த ஆணிடம் போய்விட்டுத் திரும்புகிறது என்று காட்டியது. எந்த ஆணைத் தேர்கிறது? குளிர்காலத்திலேயே நீலம் போர்த்துக்கொண்ட ஆண்களுக்குத்தான் பெரும்பாலும் வாய்ப்பு கிடைக்கிறது. சீக்கிரம் நீலமாவது எளிய காரியம் அல்ல. உணவு குறைந்த குளிரில் இறகுகளைப் புதுப்பிக்க உடலில் வலு வேண்டும். அடுத்தவர் எல்லைக்குள் வந்து, அலகில் மஞ்சள் இதழ் ஒன்றைக் கவ்விக்கொண்டு பெண்ணின் எதிரே தன் நீலத்தை விரித்துக் காட்டும் ஆண்களையும் இங்கே பார்க்கலாம். இனிமேல் ஜூலையில் முழு நீலத்தில் ஓர் ஆணைக் கண்டால் அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். சுற்றிலும் மற்ற ஆண்கள் பழுப்பில் இருக்கும்போது அது மட்டும் அப்படி நிற்பது பெரிய செய்தி.

பாதி மாறிய ஆண்கள் ஆகஸ்டில் கிடைக்கும். பழுப்பு உச்சந்தலையில் திட்டுத் திட்டாக நீலம், கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் நிறம், தொண்டையில் சில கறுப்பு இறகுகள். பார்க்கக் கலைந்துபோய் இருக்கும். வரைபவர்களுக்கு அதைவிட நல்ல மாதிரி இல்லை. எந்த இறகுக் கூட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அப்போதுதான் தெளிவாகப் பிரிந்து தெரியும்.

பைனாகுலர் பற்றி ஒரு சொல். பத்து மடங்கு பெரிதாக்குவது வேண்டாம். ரென் ஓரிடத்தில் நிற்பதில்லை, கைநடுக்கத்தில் அது பார்வையிலிருந்து தப்பிவிடும். எட்டு மடங்கு போதும். முக்கியம், இரண்டு மீட்டர் தொலைவில் உள்ளதையும் தெளிவாகக் காட்டுகிறதா என்று வாங்கும்போதே சோதித்துக்கொள்ளுங்கள். இங்கே குருவிகள் அவ்வளவு கிட்டத்தில் வரும். தூரப் பார்வைக்கு மட்டும் செய்த கருவியில் அந்த நேரத்தில் வெறும் மங்கல்தான் தெரியும்.

பாதைகள் அகலமானவை, நடக்கச் சுகமானவை. மலைச்சரிவு என்பதால் மேலே போகப் போக ஏற்றம் உண்டு; முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்ப்பகுதியிலேயே நின்றுகொள்ளலாம், ரென்னுக்காக மேலே ஏற வேண்டிய தேவை இல்லை. மழைக்காட்டுப் பள்ளத்தில் தெளிப்பான்கள் மூடுபனி கிளப்பும் காட்சி அழகு. ஆனால் அங்கே இருட்டு; நிறம் பார்க்க உதவாது. அங்கே தாழ்ந்த புதர்களில் வெண்புருவ ஸ்க்ரப்ரென் இருக்கும். இன்னும் நுணுக்கமான பாடம் வேண்டுமென்றால் அதை முயலலாம்: ஆணுக்குக் கண்ணுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட பகுதி கறுப்பு, பெண்ணுக்கு அதே இடம் பழுப்பு. அரைகுறை வெளிச்சத்தில் அதைப் பிரிப்பது எனக்கே கடினம்.

தன்னார்வ வழிகாட்டிகள் கட்டணம் வாங்காமல் சுற்றிக்காட்டுகிறார்கள். செடிகள்தான் அவர்களுடைய பெருவிருப்பம். ஆனாலும் நான் உடன் சென்ற அம்மையார் ஒரு புதரைக் கடக்கும்போது நின்று, "அந்தச் செங்கண்ணுக்காரிதான் இந்தப் பகுதிக்கு எஜமானி, நீலத்தைப் பார்க்காதீர்கள், அவளைப் பாருங்கள்" என்றார். வேறு எதையும் அவர் சொல்லாதிருந்தாலும் அந்த நடைக்கு நான் நன்றி சொல்லியிருப்பேன்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். இங்கே கற்ற அடையாளங்களை அப்படியே சிட்னிக்கோ மேற்கு ஆஸ்திரேலியாவுக்கோ எடுத்துப் போக முடியாது. சிட்னிப் பக்கம் கிடைக்கும் வேரிகேட்டட் ஃபேரிரென்னில் ஆணின் தோளில் செங்காவி நிறம் உண்டு. அந்த இனத்தில் பெண்ணின் வாலும் மங்கிய நீலம்தான். மேற்கின் ஸ்ப்ளெண்டிட் ஃபேரிரென்னிலும் பெண்ணுக்கு நீல வால். வாலை மட்டும் நம்பிக் கற்றவர்கள் அங்கே போய் எல்லாவற்றையும் ஆண் என்று எழுதிவிடுவார்கள். அலகைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த இனங்களிலும் பெண்ணின் அலகு செம்பழுப்பு, வளர்ந்த ஆணின் அலகு கறுப்பு.

நுழைவுக் கட்டணம் கிடையாது, காரை நிறுத்தத்தான் கட்டணம். காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள், கிறிஸ்துமஸ் அன்று விடுமுறை. குளிர்காலத்தில் திறந்ததும் உள்ளே போய், வெயில் முதலில் விழும் புல்தரை ஓரத்தில் நில்லுங்கள். விரல் மரத்துப்போகும், எழுதும் கைக்கு மட்டும் விரல் வெட்டிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தேநீர்க்கடை மேசையில் எதையும் தூவி அழைக்க வேண்டாம். அவை பூச்சி தின்னும் குருவிகள், ரொட்டித்துண்டு அவற்றுக்கு உணவு அல்ல. பென்சிலும் கோடு போடாத குறிப்பேடும் கொண்டு போங்கள். அலகு, முகம், வால், வளையம் என்று இந்த வரிசையிலேயே எழுதுங்கள். அக்டோபரில் இன்னொரு முறை போக ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி வையுங்கள்.